பணப்பை யாரிடம்? இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களும் ஓயாத சீரமைப்பும்

1989-இல் இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிறு நகரத்தில் ஜி.பி.யாக, அதாவது குடும்ப மருத்துவராக, வேலையைத் தொடங்கி 2023-இல் ஓய்வு பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை வருடமும் அதே தெருவில், அதே கட்டடத்தில்தான் நோயாளிகளைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மேலே இருந்த உள்ளூர் அமைப்பு மட்டும் மாறிக்கொண்டே இருந்திருக்கும். முதலில் ஃபேமிலி பிராக்டிஷனர் கமிட்டி. 1990-இல் அது போய் குடும்ப சுகாதார சேவை ஆணையம். 1996-இல் அதுவும் மாவட்ட ஆணையமும் கலந்து சுகாதார ஆணையம். 1999-இல் பிரைமரி கேர் குரூப், அதிலிருந்து மூன்று வருடத்துக்குள் பிரைமரி கேர் டிரஸ்ட், 2006-இல் பெரும்பாலும் பக்கத்து டிரஸ்டுகளோடு சேர்த்து ஒரு பெரிய டிரஸ்ட், 2013-இல் கிளினிக்கல் கமிஷனிங் குரூப், 2022-இல் இன்டகிரேட்டட் கேர் போர்டு. ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர்ப்பலகை, புது எல்லைக்கோடு, புது ஆட்கள்.

இதில் கட்சி வித்தியாசம் கிடையாது. கன்சர்வேட்டிவ் கட்சியும் செய்தது, லேபரும் செய்தது, கூட்டணி அரசும் செய்தது. மந்திரிகளுக்குத் தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை என்று சொல்லிவிடலாம், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் முப்பது நாற்பது வருடக் கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சிகிச்சைக்கான பணத்தை யார் கையில் கொடுப்பது, பணம் போதாதபோது நோயாளியிடம் "இல்லை" என்று சொல்லும் பொறுப்பை யார் தலையில் வைப்பது? அரசு ஒவ்வொரு முறையும் அதைக் குடும்ப மருத்துவரிடம் கொடுக்கப் பார்க்கிறது. கொடுத்த சில வருடங்களில் அவரை நம்ப முடியாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஏன் இப்படி என்று புரிய 1948-க்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால், 1911-இல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசிய காப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளிக்கு மட்டும் ஒரு "பேனல்" மருத்துவர் கிடைத்தார். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. 1948 ஜூலை 5 அன்று அரசின் தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ். தொடங்கியபோது எல்லோருக்கும் கிடைத்தார். ஆனால் அந்தத் தொடக்கத்துக்குச் சில மாதங்கள் முன்பு வரை மருத்துவர்கள் சங்கமான பி.எம்.ஏ. நடத்திய வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் எதிர்ப்பு. தங்களை அரசு ஊழியர்களாக்கிவிடுவார்கள் என்பதுதான் பயம். சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் கடைசியில் இறங்கி வந்தார். குடும்ப மருத்துவர்களை முழுநேரச் சம்பளக்காரர்களாக ஆக்க மாட்டோம் என்று சட்டத்தையே திருத்திக் கொடுத்தார். அதனால் ஆஸ்பத்திரிகள் தேசியமயமாயின, அங்கே வேலை செய்த டாக்டர்கள் ஊழியர்களானார்கள். ஜி.பி. மட்டும் அரசோடு ஒப்பந்தம் போட்டுத் தன் சொந்த கிளினிக்கை நடத்தும் சுயேச்சை ஆளாகவே நின்றுவிட்டார். அவரிடம் பதிவு செய்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவருக்குப் பணம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அரசு ஊழியர், ஓர் உத்தரவு போட்டால் வேறு ஊருக்குப் போயாக வேண்டும், கட்டடமும் ஊழியர்களும் அரசுடையவை. இங்கிலாந்து ஜி.பி. அப்படி இல்லை. டாக்டரைப் பார்க்க நோயாளி ஒரு பைசா கட்டுவதில்லை, ஆனால் கிளினிக் பெரும்பாலும் டாக்டர்கள் கூட்டாக நடத்தும் ஒரு சிறு தொழில். ரிசப்ஷனிஸ்டுக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள், கட்டடத்துக்குக் கடன் வாங்குவது அவர்கள், வருட முடிவில் மிச்சம் வருவதுதான் அவர்கள் வருமானம். மந்திரியால் அவர்களுக்கு நேரடியாக உத்தரவு போட முடியாது. பேரம்தான் பேச முடியும்.

ஆனால் மொத்த சுகாதாரச் செலவின் சாவியும் அவர்களிடம்தான் இருக்கிறது. விபத்து, அவசரம் தவிர மற்றபடி பெரும்பாலும் ஜி.பி. கடிதம் எழுதிக் கொடுக்காமல் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடியாது. எந்த மாத்திரை, எந்த ஸ்கேன், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் அவர் எழுதுவதில்தான் தொடங்குகிறது. செலவைத் தொடங்கி வைப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். 1980-களின் இறுதியில் பில் ஏறிக்கொண்டே போனபோது, எழுதுகிற கையிலேயே பணப்பையையும் கொடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை மார்கரெட் தாட்சர் அரசுக்கு வந்தது.

அதுதான் ஃபண்ட்ஹோல்டிங். 1991 ஏப்ரலில் தொடங்கியது. விருப்பப்பட்ட கிளினிக்குகளுக்கு ஒரு பட்ஜெட் கொடுத்து, முன்கூட்டியே தேதி வைத்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைகள், ஸ்பெஷலிஸ்ட் ஆலோசனை, மருந்து ஆகியவற்றை நீங்களே "வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். மிச்சம் பிடித்தால் அதைக் கிளினிக்கை மேம்படுத்தச் செலவிடலாம். ஆரம்பத்தில் பெரிய கிளினிக்குகள்தான் சேர முடிந்தது, பிறகு 5,000 பேர் பதிவுள்ள கிளினிக்குகள் வரை அனுமதித்தார்கள். சிலர் இதை அருமையாகப் பயன்படுத்தினார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவை ஒரு நாளில் அனுப்பு, இல்லாவிட்டால் வேறு லேபுக்குப் போகிறேன் என்று ஒரு ஜி.பி. சொன்னால் ஆஸ்பத்திரி கேட்டது. அதுவரை கேட்டதில்லை. ஆனால் அதே ஆஸ்பத்திரியில் ஃபண்ட்ஹோல்டர் கிளினிக்கின் நோயாளிக்கு முழங்கால் ஆபரேஷனுக்குச் சீக்கிரம் தேதி கிடைத்தது, பக்கத்துத் தெருக் கிளினிக்கின் நோயாளி காத்திருந்தார். வசதியான பகுதிகளின் பெரிய கிளினிக்குகள்தான் முதலில் சேர்ந்தன என்பதால் இந்த இடைவெளி இன்னும் உறுத்தியது. தெற்கு வேல்ஸின் கிளின்கோரூக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜி.பி.யாக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-லேயே எழுதியிருந்தார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது, சந்தை புகுந்த இடத்தில் அது இன்னும் மோசமாகிறது. இருபது வருடம் கழித்து அதை எல்லோரும் திரும்ப எடுத்துப் படித்தார்கள்.

ஃபண்ட்ஹோல்டிங்கில் சேர மறுத்த ஜி.பி.க்கள் சும்மா இருக்கவில்லை. நாட்டிங்ஹாம் போன்ற இடங்களில் அவர்கள் ஒன்றுகூடி, பட்ஜெட்டைக் கையில் வாங்காமலே, எங்கள் பகுதிக்கு இன்னின்ன சேவை வேண்டும் என்று சுகாதார ஆணையத்தோடு சேர்ந்து திட்டமிட்டார்கள். 1997-இல் லேபர் ஆட்சிக்கு வந்தபோது கையில் தயாராக இருந்த மாதிரி இதுதான். ஃபண்ட்ஹோல்டிங்கை ஒழிப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஏறத்தாழப் பாதி மக்கள் அதற்குள் ஃபண்ட்ஹோல்டர் கிளினிக்குகளில் பதிவாகியிருந்தார்கள், அந்த ஜி.பி.க்களைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே சிலருக்கு மட்டும் இருந்ததை எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். 1997 டிசம்பரில் அமைச்சர் ஃபிராங்க் டாப்சன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை சொன்னது இதுதான்: இனி ஒவ்வொரு பகுதியிலும் எல்லா ஜி.பி.க்களும் ஒரு பிரைமரி கேர் குரூப்பில் இருப்பார்கள். விருப்பம் என்ற பேச்சு இல்லை.

1999 ஏப்ரல் 1 அன்று 481 குரூப்புகள் ஒரே நாளில் தொடங்கின. சராசரியாக ஒன்றுக்கு ஒரு லட்சம் பேர். மிகச் சிறியதில் சுமார் 50,000, மிகப் பெரியதில் சுமார் இரண்டரை லட்சம். இந்த எண்ணிக்கைகளுக்குப் பின்னால் ஒரு வருடத்துக்கும் மேலான உள்ளூர்ச் சண்டை இருந்தது, அதைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. எல்லைக்கோட்டை எங்கே போடுவது? மக்கள் இயல்பாகப் போய்வரும் பகுதியாக இருக்க வேண்டும், முடிந்தவரை கவுன்சிலின் சமூகநலத் துறை எல்லையோடும் ஒத்துப்போக வேண்டும் என்றது அரசு. ஆனால் ஜி.பி.யின் பதிவுப் பட்டியல் எந்தக் கவுன்சில் எல்லையையும் மதிப்பதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் நோயாளி வருவார். அதோடு, வருடக்கணக்கில் ஒருவரையொருவர் போட்டியாளராகப் பார்த்த கிளினிக்குகள், அதாவது முன்னாள் ஃபண்ட்ஹோல்டர்களும் அதைத் தீவிரமாக எதிர்த்தவர்களும், இனி ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே பட்ஜெட்டைப் பங்கிட வேண்டும்.

அந்த மேஜையில் யார் உட்காருவது என்பதுதான் பெரிய சண்டை. 1998-இன் முதல் பாதியில் பி.எம்.ஏ.வின் ஜி.பி. கமிட்டி ஒத்துழைக்க மாட்டோம் என்கிற அளவுக்குப் போனது. அவர்கள் பயம் நியாயமானதுதான். ஆஸ்பத்திரிச் செலவு, மருந்துச் செலவு, கிளினிக் ஊழியர்களுக்கும் கட்டடத்துக்குமான மானியம் எல்லாவற்றையும் ஒரே உறைக்குள் போட்டு மேலே ஒரு வரம்பு வைக்கிறது அரசு. குளிர்காலத்தில் மருந்துச் செலவு எகிறினால் நம் நர்ஸின் சம்பளத்திலிருந்து எடுப்பார்களா? 1998 ஜூனில் அப்போது துணை அமைச்சராக இருந்த ஆலன் மில்பர்ன், ஜி.பி. கமிட்டித் தலைவர் ஜான் சிஸோமுக்குக் கடிதம் எழுதி உறுதிமொழிகள் கொடுத்தார். ஜி.பி.க்கள் விரும்பினால் போர்டில் பெரும்பான்மை அவர்களுக்கே, தலைவர் பதவியும் அவர்களுக்கே, ஊழியர்–கட்டட மானியம் பாதுகாக்கப்படும், தேவைப்படும் மருந்தை எழுதும் உரிமையில் கை வைக்க மாட்டோம். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது. கடைசியில் ஒரு போர்டில் நான்கு முதல் ஏழு ஜி.பி.க்கள், ஒன்றிரண்டு நர்ஸ்கள், சமூகநலத் துறையிலிருந்து ஒருவர், சுகாதார ஆணையத்திலிருந்து ஒருவர், பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர், அப்புறம் தலைமை நிர்வாகி. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்க்கும் சமூக நர்ஸ்கள் எண்ணிக்கையில் டாக்டர்களைவிட மிக அதிகம், ஆனால் அவர்களுக்கு இரண்டு நாற்காலி. இதை அவர்கள் உரக்கச் சொன்னார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகமாகப் படுகிறது. டாக்டர்களுக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது, ஏனென்றால் அவர்கள் ஒத்துழைக்காவிட்டால் திட்டமே நின்றுவிடும். நர்ஸ்கள் ஊழியர்கள், அவர்களுக்கு அந்தப் பலம் இல்லை. 1948-இல் போட்ட கணக்கு ஐம்பது வருடம் கழித்தும் நாற்காலிகளை எண்ணிக்கொடுத்தது.

சரி, இந்த குரூப்புகள் ஏதாவது செய்தனவா? செய்தன. ஒரே பகுதியில் இருபது கிளினிக்குகள் இருந்தும் ஒருவர் என்ன மருந்து எழுதுகிறார் என்று மற்றவருக்குத் தெரியாமல் இருந்த காலம் அது. குரூப் வந்த பிறகு மருந்துக் கணக்கை ஒரே தாளில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். மலிவான அதே மருந்து இருக்கும்போது ஏன் விலையுயர்ந்த பிராண்டு, இதய நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஆஸ்பிரின் போகிறது, யாருடைய கிளினிக்கில் தடுப்பூசி குறைகிறது என்று டாக்டர்களே டாக்டர்களைக் கேட்டார்கள். அரசு அதிகாரி கேட்டால் வராத பதில் சக டாக்டர் கேட்டால் வந்தது. 2000 ஜனவரியில் ஹாரல்ட் ஷிப்மன் என்ற ஜி.பி. தன் நோயாளிகள் 15 பேரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட பிறகு, தனியாக கிளினிக் நடத்தும் டாக்டரை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலும் இந்த இளம் அமைப்புகளே நின்றன.

ஆனால் அவற்றுக்கு வளர நேரம் கொடுக்கப்படவில்லை. தொடக்கத்திலேயே நான்கு படிகள் வைத்திருந்தார்கள். முதல் படியில் ஆலோசனை மட்டும், இரண்டாவதில் பட்ஜெட் பொறுப்பு, மூன்றாவதில் தனி டிரஸ்ட், நான்காவதில் சமூக நர்ஸ் சேவைகளையும் தானே நடத்தும் டிரஸ்ட். தயாரானவர்கள் தங்கள் வேகத்தில் ஏறலாம் என்பதுதான் முதலில் சொன்னது. 2000 ஏப்ரலில் முதல் 17 டிரஸ்டுகள் வந்தன. அடுத்த வருடமே, இப்போது முழு அமைச்சராகியிருந்த அதே மில்பர்ன், எல்லோரும் 2002-க்குள் டிரஸ்டாகியே தீர வேண்டும் என்றார். பழைய சுகாதார ஆணையங்களை ஒழிக்கப் போகிறார், அவற்றின் வேலையை எடுத்துக்கொள்ள யாராவது வேண்டும். 2002 ஏப்ரலில் 481 குரூப்புகளில் ஒன்றுகூட இல்லை, 303 டிரஸ்டுகள் இருந்தன. டிரஸ்ட் என்பது முழுமையான அரசு அமைப்பு, என்.எச்.எஸ். பட்ஜெட்டில் முக்கால் பங்கு அதன் வழியாகப் போகப்போகிறது, அவ்வளவு பொதுப்பணத்தை ஒப்பந்தக்காரர்களின் பெரும்பான்மையிடம் விட முடியாது என்று போர்டில் வெளியாட்களுக்குப் பெரும்பான்மையும் தலைமையும் போயின. ஜி.பி.க்களுக்கு அதன் கீழே ஒரு செயற்குழு. 1998-இல் கடிதத்தில் எழுதிக் கொடுத்தது நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. பொதுப்பணத்துக்குப் பொது மேற்பார்வை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வருத்தம் வேறு. சக டாக்டர் கேட்டால் பதில் வரும் என்ற அந்த உறவு இப்போதுதான் முளைவிட்டிருந்தது. செயற்குழுவில் உட்கார்ந்து அறிக்கைக்குத் தலையசைக்கும் வேலைக்கு நல்ல ஜி.பி.க்கள் ஏன் ஒரு மதிய கிளினிக்கை விட்டுவிட்டு வருவார்கள்? பலர் மெல்ல விலகினார்கள்.

பிறகு 2004-இல் புது ஒப்பந்தம் வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை என ஒவ்வொன்றையும் ஒழுங்காகக் கவனித்தால் புள்ளிகள், புள்ளிகளுக்குப் பணம். இரவு, வாரக்கடைசிப் பொறுப்பை வருடத்துக்குச் சராசரியாக 6,000 பவுண்டை விட்டுக்கொடுத்து டிரஸ்டிடம் தள்ளிவிடலாம் என்றும் அனுமதித்தார்கள், பெரும்பாலானோர் தள்ளிவிட்டார்கள். ராத்திரி போன் செய்தால் நம் டாக்டரோ அவர் கூட்டாளியோ வருவார் என்பது அதோடு முடிந்தது. 2006-இல் 303 டிரஸ்டுகள் 152 ஆயின. இதே காலத்தில் வேல்ஸ் வேறு வழியில் போனது: 22 உள்ளூர் குரூப்புகளை 22 கவுன்சில்களோடு அப்படியே பொருத்தி, 2003-இல் அவற்றை வாரியங்களாக்கி, 2009-இல் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்து ஏழே ஏழு வாரியங்களாக்கியது. ஸ்காட்லாந்து, சிகிச்சையை வாங்கும் அமைப்பு வேறு, அதை விற்கும் ஆஸ்பத்திரி வேறு என்ற பிரிவினையையே கைவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நோய்கள், இதே ஒப்பந்த டாக்டர்கள்தான். சந்தை மாதிரிதான் ஒரே வழி என்று லண்டனில் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2010-க்கு வருவோம். மே மாதம் கன்சர்வேட்டிவ்–லிபரல் டெமாக்ரட் கூட்டணி ஒப்பந்தம், என்.எச்.எஸ்.இல் மேலிருந்து திணிக்கும் சீரமைப்புகளை நிறுத்துவோம் என்று எழுதி வைத்தது. ஜூலையில் அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி வெள்ளை அறிக்கை வெளியிட்டார். டிரஸ்டுகள் அனைத்தும் ஒழியும், பணம் ஜி.பி.க்களின் கூட்டமைப்புகளுக்குப் போகும். 80 பில்லியன் பவுண்டு வரை என்று அப்போது பேச்சு. என்.எச்.எஸ். தலைமை நிர்வாகி டேவிட் நிக்கல்சன், விண்வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் அளவுக்குப் பெரிய மாற்றம் என்றார். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், யாருக்கு அதிகாரம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்களோ அந்த டாக்டர்களே பெரும்பாலும் வேண்டாம் என்றார்கள். ஜி.பி.க்களின் தொழில்முறை அமைப்பான ராயல் கல்லூரி, கிளேர் ஜெராடாவின் தலைமையில் கடைசியில் மசோதாவையே வாபஸ் வாங்கச் சொன்னது. பணப்பையோடு சேர்ந்து வருவது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிக்கன காலம், பட்ஜெட் இறுகும், உங்கள் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று சொல்ல வேண்டியது இனி நாங்கள். என் டாக்டர் எனக்காகப் பேசுகிறாரா, பட்ஜெட்டுக்காகப் பேசுகிறாரா என்ற சந்தேகம் ஒரு தடவை நோயாளிக்கு வந்துவிட்டால் அதைப் போக்குவது கஷ்டம்.

2011-இல் மசோதாவை நிறுத்தி வைத்து ஆலோசனை நடந்தது, திருத்தங்கள் வந்தன. 2013 ஏப்ரல் 1 அன்று 211 கிளினிக்கல் கமிஷனிங் குரூப்புகள், அதாவது டாக்டர்கள் தலைமையில் சிகிச்சையை வாங்கும் குரூப்புகள், பிறந்தன. ஜி.பி.க்கள் மட்டும் என்று இருந்தது மாறி, ஒரு நர்ஸ், ஓர் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட், பொதுப் பிரதிநிதிகள் இருவர் போர்டில் கட்டாயமானார்கள். இந்த மாற்றத்துக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் செலவானது, டிரஸ்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இழப்பீடு வாங்கிக்கொண்டு வேலையை விட்டார்கள், அவர்களில் பலரைப் புது அமைப்புகளே திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஊரில் எந்த முதியோர் இல்லத்துக்கு எந்த நர்ஸ் போகிறார், எந்த ஆஸ்பத்திரி மானேஜரை எந்த நாளில் பிடித்தால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது, ஆட்களின் தலையில் இருக்கும். அலுவலகம் கலையும்போது அது போய்விடுகிறது, எந்தக் கணக்குத் தணிக்கையிலும் அது செலவாகத் தெரிவதில்லை.

இந்த குரூப்புகளும் பழைய வழியிலேயே போயின. 2015-லிருந்து ஜி.பி. ஒப்பந்தங்களை மேற்பார்க்கும் வேலையும் அவற்றுக்கு மாற்றப்பட்டது. அதாவது ஜி.பி.க்கள் நடத்தும் அமைப்பு ஜி.பி.க்களுக்குப் பணம் கொடுக்கிறது. தன் கிளினிக்குக்கோ தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ லாபம் வரும் முடிவில் ஒருவர் எப்படி ஓட்டுப் போட முடியும்? ஆகவே அந்த முடிவுகளுக்கான கமிட்டியில் டாக்டர் அல்லாதவர்களுக்கே பெரும்பான்மை என்று விதி வந்தது. தனக்கு அதிகம் தெரிந்த விஷயம் பேசப்படும்போது ஜி.பி. சிறுபான்மை, சில நேரம் அறையை விட்டே எழுந்து போக வேண்டும். விதி சரியானதுதான், வேறு வழியில்லை. ஆனால் டாக்டர்கள் தலைமையில் என்ற வாக்குறுதிக்கும் சுயேச்சை ஒப்பந்தத்துக்கும் உள்ள முரண் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது. பிறகு செலவைக் குறைக்க இணைப்புகள். 2020-இல் 135, 2021-இல் 106.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1960-கள், 70-களில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தானிலிருந்து வந்த டாக்டர்களில் நிறைய பேர், தமிழர்கள் உட்பட, ஆஸ்பத்திரிகளில் மேலே ஏற விடாமல் தடுக்கப்பட்டு ஜி.பி. ஆனார்கள். உள்ளூர் டாக்டர்கள் போக விரும்பாத தொழிற்பேட்டை நகரங்களிலும், கிழக்கு லண்டனிலும், வேல்ஸ் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் தனி ஆளாகவோ இருவராகவோ கிளினிக் நடத்தினார்கள். இந்தச் சீரமைப்புகளின் போர்டுகளில் உட்கார நேரம் கிடைத்தது, தான் இல்லாதபோது நோயாளிகளைப் பார்க்க நான்கு கூட்டாளிகள் இருந்த பெரிய கிளினிக் டாக்டருக்குத்தான். தனியாக நடத்துபவர் கூட்டத்துக்குப் போனால் அன்றைக்குக் கிளினிக் மூடல். ஆகவே எந்த மாதிரிக் கட்டடம் வேண்டும், எவ்வளவு பெரிய பட்டியல் இருக்க வேண்டும் என்ற முடிவுகள் பெரியவர்களின் அளவுகோலில் எடுக்கப்பட்டன. அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபோது அவர்கள் கிளினிக்குகள் பலவற்றில் புதிதாக யாரும் வந்து உட்காரவில்லை, பட்டியலைப் பக்கத்துப் பெரிய கிளினிக் எடுத்துக்கொண்டது. 2013-இல் சுமார் 8,000 ஆக இருந்த கிளினிக்குகள் இன்று 6,200 அளவுக்கு வந்துவிட்டன. பஸ் வசதி இல்லாத ஒரு பகுதியில் அப்படி ஒரு கதவு மூடினால் எழுபது வயதுப் பாட்டிக்கு அது எத்தனை தூரம் என்பதை எந்த இணைப்பு அறிக்கையும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை.

2019-இல் வந்த பிரைமரி கேர் நெட்வொர்க்குகள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. 30,000 முதல் 50,000 நோயாளிகளுக்கு ஒன்று, நாடு முழுக்க சுமார் 1,250. இவற்றிடம் ஆஸ்பத்திரி வாங்கும் பட்ஜெட் கிடையாது, "இல்லை" சொல்லும் பொறுப்பும் கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகள் சேர்ந்து ஒரு மருந்தாளுநர், ஒரு பிசியோதெரபிஸ்ட் என்று பகிர்ந்து வைத்துக்கொள்ளப் பணம் தந்தார்கள். 2020 டிசம்பரில் கோவிட் தடுப்பூசி வந்தபோது சர்ச் ஹால்களிலும் ஸ்போர்ட்ஸ் சென்டர்களிலும் ஊசி மையங்களைச் சில வாரங்களிலேயே தயாராக்கி நடத்தியதில் பெரும்பங்கு இவற்றுக்கு. எனக்கு இது முக்கியமான சான்று. சிறியதாக, தெரிந்தவர்களுக்குள், ஒரு குறிப்பான வேலையோடு இருந்தபோது இந்த டாக்டர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள். குறைகளும் உண்டு. எந்த ஊழியரை எடுக்கலாம் என்பதை லண்டன் தீர்மானித்தது, 2024 வரை அந்தப் பணத்தில் இன்னொரு ஜி.பி.யை எடுக்க முடியாது. வேலையில்லாத இளம் ஜி.பி.க்கள் ஒரு பக்கம், டாக்டர் நேரம் கிடைக்காத நோயாளிகள் மறுபக்கம் என்ற நிலை அப்படித்தான் வந்தது.

2022 ஜூலை 1 அன்று கமிஷனிங் குரூப்புகள் கலைக்கப்பட்டு 42 இன்டகிரேட்டட் கேர் போர்டுகள் வந்தன. சில போர்டுகளின் கீழ் இருபது முப்பது லட்சம் பேர். சட்டப்படி போர்டில் ஜி.பி.க்கள் தரப்பிலிருந்து குறைந்தது ஒருவர் இருந்தால் போதும். 1999-இல் ஒரு லட்சம் பேருக்கு ஏழு ஜி.பி. வரை, 2022-இல் முப்பது லட்சம் பேருக்கு ஒருவர் போதும்.

மூன்று வருடம்கூட ஆகவில்லை, 2025 மார்ச்சில் பிரதமர் கியர் ஸ்டார்மர் என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற தலைமை அமைப்பையே கலைப்பதாக அறிவித்தார். 42 போர்டுகளும் தங்கள் நிர்வாகச் செலவைப் பாதியாக்க வேண்டும் என்றும் உத்தரவு போனது, அவற்றில் பல அதன்பிறகு இரண்டு மூன்றாகச் சேர்ந்து இயங்கத் தொடங்கின. ஜூலையில் அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம் "அக்கம்பக்க" மருத்துவத்தைப் பேசுகிறது. இரண்டு புது ஒப்பந்தங்கள், ஒன்று சுமார் 50,000 பேருக்கு, இன்னொன்று இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு. பழைய குரூப்புகளின் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் இதே அளவுகள்தான்.

ஆனால் அளவு ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றல்ல. ஜி.பி. கூட்டாண்மை நன்றாக நடக்கும் இடங்களில் அது தொடரட்டும், மற்றவர்களுக்கு மாற்று வழியும் இருக்கும் என்கிறது திட்டம். அதே திட்டத்தில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. சிறப்பாக நடக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்டுகள் ஒரு பகுதி மக்களின் முழு சுகாதார பட்ஜெட்டையும் கையில் எடுத்து, குடும்ப மருத்துவம் உட்பட எல்லாவற்றையும் நடத்தலாம். 1991-லிருந்து லண்டன் எத்தனை பலகை மாற்றினாலும் ஒரு திசை மட்டும் மாறவில்லை. பணம் ஜி.பி. பக்கமிருந்து ஆஸ்பத்திரியை நோக்கிப் போகும், ஆஸ்பத்திரி கேட்டுத்தான் வாங்க வேண்டும். இப்போது முதல் தடவையாக அந்தத் திசை திரும்பப் பார்க்கிறது. அவசரப் பிரிவில் தள்ளுவண்டிகளில் நோயாளிகள் காத்திருக்கும் ஜனவரி மாதத்தில், பட்ஜெட் ஆஸ்பத்திரி மானேஜரிடம் இருந்தால், முதல் வெட்டு வார்டில் விழுமா, நாற்பது மைல் தள்ளி ஒரு கிராமத்துக் கிளினிக்கின் நர்ஸ் மேல் விழுமா? ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளில் அதற்கான பதிலை எழுதி வாங்க வேண்டிய நேரம் இது. 1998-இல் போல அமைச்சரின் கடிதம் ஒன்றை நம்பி ஜி.பி.க்கள் இந்த முறையும் கையெழுத்துப் போடக் கூடாது.